ஆகாயத்தில் ஐம்பத்திரண்டு நிமிஷம்

மார்ச் 3, செவ்வாய்

விமான நிலையத்திலிருந்து மருந்துப் பெட்டி எடுத்துச் செல்லும் வண்டி ஓட்டுநர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. தினமும் காலையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இறக்குகிற ஈயப் பெட்டியை இங்கே மூடி முத்திரை வைப்பவள் நான். உங்கள் போனுக்கு ஒன்பது முறை அழைத்தேன். எடுக்கவில்லை. அதனால் மூடியில் ரசீது வைக்கும் உறைக்குள் இதை வைக்கிறேன். மாலை விமானத்தில் காலிப் பெட்டி திரும்பும்போது பதிலை அதே உறையில் வையுங்கள்.

பெட்டிக்குள் இருப்பது ஸ்கேன் மருந்து. உடம்புக்குள் கட்டி எங்கே இருக்கிறது என்று காட்டுவது. அதற்கு ஆயுள் கம்மி. இரண்டு மணி நேரம் ஆவதற்குள் பாதியாகிவிடும். வெயிலில் வைத்த ஐஸ் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊருக்கும் நடுவே முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். மலை குறுக்கே கிடப்பதால் சாலையில் ஏழு மணி நேரம், விமானத்தில் ஐம்பத்திரண்டு நிமிஷம். 7.15க்குக் கிளம்பி 8.07க்கு இறங்குகிறது. 8.20க்குப் பெட்டி உங்கள் கையில். அங்கிருந்து ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர். ஜனவரி முழுக்க 8.45க்குள் கையெழுத்து ஆகியிருக்கிறது. பிப்ரவரி 9 முதல் 9.20, 9.25. ஆகாயத்தில் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம். தரையில் பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமா?

ஒரு பெட்டி நான்கு பேருக்கு. இவ்வளவு பிந்தினால் நான்காவது ஆளுக்குப் போதாது. முந்தின இரவிலிருந்து சாப்பிடாமல் வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். மேலதிகாரிக்கு எழுதினால் உங்கள் வேலை போகும். அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். காரணம் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பெட்டி மூடுபவள்


மார்ச் 4, புதன்

மரியாதைக்குரிய மேடம்,

என் நாற்பத்தேழு வயசில் என்னை ‘ஐயா’ என்று எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். பெருமை தாங்காமல் சம்சாரத்திடம் காட்டினேன். “யாருக்கோ வந்த லெட்டரைப் பிரிச்சுட்டு வந்திருக்கே, மரியாதையாத் திருப்பிக் குடுத்துடு” என்று சொல்லிவிட்டாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையே மூன்று வருஷம் படித்ததால் அந்தப் பாடம் மட்டும் அத்துப்படி. எழுத்து கோழி கிண்டின குப்பை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போனை ஏன் எடுக்கவில்லை என்றால், போனில் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும். கடிதம் என்றால் நிதானமாக யோசித்துப் பொய் சொல்லலாம்.

தாமதத்துக்குக் காரணம் ரயில்வே கேட். என் வண்டியைக் கண்டால்தான் மூடுவேன் என்று அது சபதம் எடுத்திருக்கிறது. கூட்ஸ் வண்டி ஒன்று போகும் பாருங்கள், நாற்பத்திரண்டு பெட்டி, நானே எண்ணியிருக்கிறேன். அது தாண்டினால் சாலையில் பள்ளம். எதற்குத் தோண்டினார்கள் என்று தோண்டினவனுக்கே தெரியவில்லை. பள்ளத்தைத் தாண்டினால் பஞ்சர்.

நீங்கள் நிமிஷக் கணக்கு எழுதியிருப்பதைப் பார்த்தால், வீட்டில் அவர் பல் தேய்க்கிற நேரத்தையும் குறித்து வைப்பீர்கள் போலிருக்கிறது. பாவம் மனுஷன்.

ஐஸ் கட்டி என்று எழுதியிருந்தீர்கள். ஐஸ் கட்டிக்கு மேலே மூன்று றெக்கை போட்ட மஞ்சள் படம் ஒட்டுவார்களா மேடம்? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
‘ஐயா’


மார்ச் 6, வெள்ளி

ஐயா,

உங்கள் ஊரில் விமான நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ரயில்வே கேட் இல்லை. உங்கள் ஊருக்கு ரயிலே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுப்பவள். எனக்கு வீட்டுக்காரர் இல்லை. அவள்தான் எல்லாம்.

ஆறு மாதமாக அவளுக்கு வைத்தியம் நடக்கிறது. இப்போது ஏற்றுகிற மருந்து கட்டியைக் கரைக்கிறதா, வேறு மருந்துக்கு மாற வேண்டுமா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும். பிப்ரவரி 18ஆம் தேதி பட்டியலில் நான்காவது பெயர் அவள். திருப்பி அனுப்பினார்கள். 27ஆம் தேதி மறுபடியும் நான்காவது. மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். இனி மார்ச் 18. அதுவரை பழைய மருந்தையே ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், கேட்கிறதோ இல்லையோ.

பட்டியலில் முதலில் போடச் சொல்லிக் கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை. முதல் பெயரும் யாருக்கோ அக்காதான்.

அந்த இரண்டு நாளும் பெட்டியை மூடியது இந்தக் கைகள்தான். நான் மூடி அனுப்பிய மருந்து என் அக்காவுக்கு இல்லை என்றார்கள்.

உண்மையான காரணத்தை எழுதுங்கள்.


மார்ச் 9, திங்கள்

தங்கச்சி,

மேடம் என்று எழுத இனி கை வரவில்லை. வெள்ளிக்கிழமை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, சும்மா சக்கரத்தை உதைத்துக்கொண்டு நின்றேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

ரயில்வே கேட் பொய். பஞ்சர் பொய். பள்ளம் மட்டும் நிஜம், அது வேறு சாலையில் இருக்கிறது.

நான் நேர் சாலையில் வருவதில்லை. ஊருக்கு வெளியே, கல் லாரிகள் போகிற பாதையில் சுற்றி வருகிறேன். முப்பத்து நாலு கிலோமீட்டர். ஏன் என்றால் நேர் சாலையில் என் வீடு இருக்கிறது. வாசற்படியில் கால் வைத்தால் அடுத்த கால் தார் ரோட்டில். எதிரிலேயே சிக்னல். காலை எட்டரைக்கு அங்கே மாட்டினால் பத்து நிமிஷத்துக்கு வண்டி அசையாது. என் வண்டி நிற்கிற இடத்திலிருந்து எங்கள் ஜன்னல் இரண்டு ஆள் தூரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டில். கட்டிலில் என் மகள்.

ஆறாம் மாதம். போன வருஷம் ஒன்று நாலாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. அன்றைக்கு அவள் அழவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தாள், அவ்வளவுதான். அதை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. இந்தத் தடவை ஓய்வாக இருக்கட்டும் என்று பிப்ரவரி 8ஆம் தேதி எங்களிடம் வந்தாள். அன்றைக்குப் பார்த்து என் சம்சாரம் வண்டியைக் கழுவினாள், அதில் ஒட்டியிருந்த மஞ்சள் படத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கேட்டாள். அவர், “அது கண்ணுக்குத் தெரியாத கதிரும்மா, ஈயத்தையும் மீறிக் கொஞ்சம் வரும், கர்ப்பிணிங்க பக்கத்துல போகவே கூடாது” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டார். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

“நீ அந்தப் பெட்டியோட இந்த வாசல்ல வந்து நின்னே, நான் ரோட்டுலயே படுத்துடுவேன்” என்றாள். செய்கிறவள்தான்.

அரை மணி நேரம் பிந்தினால் ஒரு மனுஷிக்கு இல்லாமல் போகும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெட்டியை இறக்கு, கையெழுத்து வாங்கு, போ. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்திருந்தால் நேர் சாலையில் வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வந்திருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியாது தங்கச்சி. இனி கடிதத்தில் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் தினமும் அதன் பக்கத்திலேயே நிற்கிறீர்களே, உங்களுக்குப் பயமாக இல்லையா?

வண்டிக்காரன்


மார்ச் 10, செவ்வாய்

அண்ணா,

உங்கள் மேல் கோபப்பட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். மகள் என்று படித்ததும் பாதி கோபம் போய்விட்டது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. மறைக்கவில்லை.

பயம் இருந்தது. முதல் வருஷம் வீட்டுக்கு வந்தால் மூன்று தடவை குளிப்பேன். பிறகு அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டேன். வாத்தியார் சொன்னது பொய் இல்லை. பக்கத்தில் போகக் கூடாது என்பதும் சரி. ஆனால் எவ்வளவு பக்கம், எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லவில்லை. ஈயத்தை மீறி வருவது இரண்டடி தள்ளி நின்றால் குறைகிறது, பத்தடி தள்ளி நின்றால் தேடினாலும் கிடைக்காது.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். நாளை தனிக் கூரியரில் இரண்டு பேனாக்கள் வரும். பெட்டியோடு வைத்தால் இங்கே யார் கண்ணிலாவது படும். சட்டைப் பையில் செருகி அந்தக் கதிரை அளக்கிற மீட்டர் அது. பொத்தானை அழுத்தினால் பூஜ்யம், பிறகு தானாக எண்ணும். ஒன்றை உங்கள் பையில் வையுங்கள். ஒன்றை ஜன்னலில் வையுங்கள். மகளை அன்று காலை மட்டும் வேறு எங்காவது அனுப்பிவிட்டு, ஒரே ஒரு நாள் நேர் சாலையில் வாருங்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் அந்த மீட்டரில் இருபது ஏறும். நம் விமானத்தில் ஐம்பத்திரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்து வந்தாலே ஒன்று ஏறும், ஆகாயத்திலிருந்தே அது வருகிறது. இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேனாவைக் கொடுத்தனுப்பியது தெரிந்தால் என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொலைத்துவிடாதீர்கள்.


மார்ச் 13, வெள்ளி

தங்கச்சி,

பேனா வந்தது. என் சம்சாரம் முதலில் அதை வைத்து எழுதிப் பார்த்தாள். எழுதவில்லை என்றதும், “உன் தங்கச்சி மை தீர்ந்ததை அனுப்பியிருக்கா” என்றாள்.

நேற்று மகளை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். நான் நேர் சாலையில் வந்து சிக்னலில் மாட்டினேன். பத்து நிமிஷத்துக்குப் பதினொன்றாகவே நின்றேன். ஜன்னலில் அவள் பேனாவைத் தராசு மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“எவ்ளோ?” என்று கத்தினேன்.

“முட்டை!”

“நல்லாப் பாரு!”

“நல்லாப் பாத்தாலும் முட்டைதான்யா! பேனா ரிப்பேரு!”

சொன்னதோடு விட்டாளா? நடு ரோட்டில் இறங்கி வந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து, பெட்டி மேலேயே பேனாவை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அது ஓட ஆரம்பித்ததும், தேள் கொட்டினவள் மாதிரி ஒரு குதி குதித்தாள் பாருங்கள், பின்னால் நின்ற ஸ்கூட்டர்காரன் கீழே விழுந்துவிட்டான். பேனா ரிப்பேர் இல்லை என்பது உறுதியாயிற்று.

8.47க்குக் கையெழுத்து வாங்கினேன். பட்டியலில் இருந்த நாலு பேருக்கும் போட்டார்களாம். நாலாவது ஆள் ஒரு பெரியவர், “இன்னைக்கு என்ன அதிசயம்” என்றாராம்.

மாலை உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஜன்னல் பூஜ்யம். என் சட்டைப் பை இரண்டு. என் சம்சாரம் இரண்டு பேனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “நேரா வந்தா உனக்கு ரெண்டு. சுத்தி வந்தா ஒரு மணி நேரம் அதோட உக்காந்திருக்கே. அப்ப தினமும் உனக்கு எவ்ளோ ஏறிச்சு? ஏன்யா இதைச் சொல்லலே?” எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? நாற்பத்தேழு வயசு உடம்புக்கு இனி என்ன ஆகப் போகிறது, இருட்டில் மின்னினால் கரண்டு மிச்சம் என்று சொன்னேன். தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

விமானக் கணக்கையும் படித்துக் காட்டினேன். மாப்பிள்ளை மகளை ஏற்றி அனுப்பியது அந்த விமானத்தில்தான். “அப்ப முதல்ல மாப்பிள்ளையை வரச்சொல்லு, கேக்கறேன்” என்று இப்போது சம்சாரத்துக்கு அவர் மேல் கோபம்.

இதோடு நிறுத்தினால் நல்ல கடிதமாக இருக்கும். ஆனால் பொய் இல்லை என்று எழுதியிருக்கிறேனே. இன்று காலை மகள் வீட்டில் இருந்தாள். பூஜ்யம் என்று தெரியும். கண்ணால் பார்த்தேன். இருந்தாலும் பாதை பிரிகிற இடம் வந்ததும் கை தானாகச் சுற்றுப் பாதைக்குத் திருப்பிவிட்டது. 9.22க்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

நாலாவது ஆள் ஒரு சின்னப் பெண். அவள் அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.


மார்ச் 16, திங்கள்

அண்ணா,

உங்கள் கடைசிப் பத்தியை நாலைந்து முறை படித்தேன். இந்தக் கடிதத்தில் உங்களைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரியாது.

நாளை மறுநாள் 18. நேர் சாலையில் வர முடியாது என்றால் நாளை மாலைக் காலிப் பெட்டியில் ‘முடியாது’ என்று ஒரு சொல் எழுதி அனுப்புங்கள். வேறு ஓட்டுநர் வேண்டும் என்ற விண்ணப்பத்தை எழுதி மேஜைக்குள் வைத்திருக்கிறேன். அதில் காரணம் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

உறை காலியாக வந்தால் நீங்கள் வருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வேன்.

அக்கா இரண்டு தடவை பட்டினி கிடந்து திரும்பியதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாவது தடவையும் அவள் சிரிப்பதைக் கேட்க என்னால் முடியாது.


மார்ச் 18, புதன்

தங்கச்சி,

நேற்று உறையில் நான் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்று எழுதுகிற பேனாவையே பூட்டி வைத்தேன்.

உங்கள் ஐம்பத்திரண்டு நிமிஷம் இன்று எழுபத்திரண்டு ஆகிவிட்டது. இங்கே பனி. இறங்க இடம் தெரியாமல் விமானம் மேலேயே வட்டமடித்தது. சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம். நான் அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டே நின்றேன். சாமான் இறக்குகிறவர், “யாரண்ணே வராங்க, இந்தத் தவிப்பு தவிக்கிறீங்க?” என்றார். “என் தங்கச்சியோட அக்காவுக்கு மருந்து” என்றேன். “அப்ப உங்களுக்கும் அக்காதானே, அதை ஏன் சுத்தி வளைக்கிறீங்க” என்றார். சுற்றுவதைப் பற்றி அவருக்கு யார் சொன்னது?

8.27க்கு இறங்கியது. 8.34க்குப் பெட்டி என் கையில். பாதை பிரிகிற இடத்தில் கையைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தேன். நேராகவே வந்தேன்.

சிக்னலில் மாட்டினேன். எங்கள் வாசலுக்குச் சரி எதிரே. முன்னால் ஒரு லாரி பொசுக்கென்று நின்றுபோய்ப் புகை விடுகிறது. 8.46. 8.50. ஜன்னலில் என் மகளின் தலை. மணியைப் பார்க்கிறேன், ஜன்னலைப் பார்க்கிறேன். உள்ளே போ என்று கையைக் காட்டினேன். தலை மறைந்தது. போனாள் என்று நிம்மதிப்பட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள்!

அவளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று நாங்கள் இரண்டு பேரும் வைத்திருந்தோம். நேற்று சாயங்காலம் சம்சாரம்தான் உங்கள் கடிதங்களை எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. வந்தவள் நேராக லாரிக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, “ஓரமாத் தள்ளுங்க! நாலு பேருக்கு மருந்து நிக்குது!” என்று ஒரு கத்தல். வயிற்றைப் பார்த்ததும் சிக்னலில் நின்ற ஆறு பேர் இறங்கி லாரியைத் தள்ளினார்கள். இந்தப் பக்கம் பார்த்தால், ரோட்டில் படுப்பேன் என்ற புண்ணியவதி நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு பஸ்ஸை மறித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் தலையை வெளியே நீட்டி மகளைப் பார்த்து, “உள்ள போடி, உள்ள போ!” என்று அலறினேன். அவள் என் வண்டியின் பக்கவாட்டில் பட்டென்று ஒரு அடி அடித்தாள். அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம்தான் பெட்டி. “என்னைப் பாக்காதப்பா, ரோட்டைப் பாரு! போ!”

போனேன். கண் மறைத்தது, இருந்தாலும் போனேன்.

9.03க்குக் கையெழுத்து. அளந்து பார்க்கிற பையன் உதட்டைப் பிதுக்கினான். என் உயிர் போய் வந்தது. “நாலாவதுக்கு மட்டு மட்டாத்தான் வரும். ஆனா எடுத்துடலாம்” என்றான்.

நான் போகாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பத்தே முக்காலுக்கு நாலாவது பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு ஒல்லியான அம்மா எழுந்து போனார். போட்டிருந்த ஆஸ்பத்திரிச் சட்டையில் பொத்தானெல்லாம் வரிசையாக, ஒன்றுகூடக் கோணாமல் இருந்தது. அவர்தான் என்று எனக்கு அதிலேயே தெரிந்தது. நான் யார் என்று சொல்லவில்லை. தைரியம் இல்லை.


மார்ச் 26, வியாழன்

அண்ணா,

டாக்டர் இன்று சொன்னார். பழைய மருந்து கேட்கவில்லை. கட்டி அப்படியே இருக்கிறது, புதிதாக ஒரு இடத்திலும் வந்திருக்கிறது. மருந்தை மாற்றுகிறார்கள். வரும் திங்கள் முதல் வாரா வாரம் ஏற்ற வேண்டும். புது மருந்து கேட்க வாய்ப்பு இருக்கிறது என்கிறார், நல்ல வாய்ப்பு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 18இலேயே தெரிந்திருந்தால், அந்த நாலு வாரம் கையில் இருந்திருந்தால் என்று போனில் கேட்டேன். அவர் வேறு விஷயம் பேசினார்.

இதை உங்களுக்கு எழுதாமல் விட நினைத்தேன். காலையில் எழுதினேன், கிழித்தேன். எழுதாவிட்டால் நீங்கள் பெட்டிக்குப் பெட்டி கேட்பீர்கள், நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும். நமக்குள் பொய் இல்லை என்று நீங்கள்தானே வைத்தீர்கள்.

பழி போட இதை எழுதவில்லை. பழி இல்லை என்றும் எழுத முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா.

அக்காவிடம் சுற்றுப் பாதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.


மார்ச் 28, சனி

தங்கச்சி,

நேற்று காலை உங்கள் கடிதத்தைப் படித்தேன். 8.44க்குப் பெட்டி இறக்கினேன். நாலு பேருக்கும் ஆயிற்று. சாயங்காலம் தையல் கடையை விசாரித்துக்கொண்டு அக்காவிடம் போனேன். நீங்கள் போகச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாமல் வைத்திருந்ததை நான் சொல்லிவிட்டேன். அதற்குத் தனியாகத் திட்டுங்கள்.

கடைக்குப் பின்னால் சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மெஷின், தொங்குகிற பல்பு. மடியில் ஒரு வெள்ளைச் சட்டை. நான் இன்னார் என்று சொன்னேன். “தங்கச்சி சொல்ற ‘அண்ணன்’ நீங்கதானா? உக்காருங்க” என்று துணி மூட்டையைத் தள்ளி இடம் கொடுத்தார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் படம், சம்சாரம், முப்பத்து நாலு கிலோமீட்டர், பதினெட்டு, இருபத்தேழு. வழக்கமாக எனக்கு எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வந்துவிடும். நேற்று அது வரவில்லை.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. ஒரு காஜா முடிந்தது. நூலைப் பல்லால் கடித்தார். அடுத்ததைத் தொடங்கினார். அதுவும் முடிந்தது. நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.

அப்புறம் தலையைத் தூக்காமல் கேட்டார்.

“உங்க பொண்ணுக்கு இப்ப எத்தனாவது மாசம்?”

“ஏழு பொறந்திருக்கு.”

“உதைக்குதா?”

“உதைக்குதும்மா. ராத்திரியெல்லாம் தூங்க விடறதில்லையாம்.”

சட்டையை மடித்தார். மடித்ததைப் பிரித்து, மறுபடியும் மடித்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை தங்கச்சி. நானும் கேட்கவில்லை.

“திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்றார். “பஸ்ல போனா தலை சுத்துது. நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?”

ஏழு மணிக்கு என்று சொன்னேன். அவரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டுப் பெட்டிக்குப் போகலாம். உங்கள் விமானம் எட்டு ஏழுக்குத்தானே இறங்குகிறது. நேரம் இருக்கிறது.

வண்டிக்காரன்